பள்ளம் பிழையன்று: தாமிரபரணி வடிநிலத்துக்கேற்ற நீரோட்ட மாதிரி

1. வரையறைகள்

மழையாக விழுந்த நீரில் எவ்வளவு, எந்த வழியாக, எப்போது ஆற்றின் குறிப்பிட்ட ஓரிடத்தை வந்தடையும் என்பதைக் கணக்கால் கூறும் ஏற்பாட்டை நாம் நீரோட்ட மாதிரி என்போம். இவ்வரையறையில் வினாச்சொற்கள் மூன்று. ‘எவ்வளவு’ என்பது பயிர்ப் பருவத்தைத் திட்டமிடுவோரின் வினா. ‘எப்போது’ என்பது வெள்ளக் காலத்தில் ஊரைக் காலி செய்யச் சொல்வோரின் வினா. ‘எந்த வழியாக’ என்பதை மட்டும் பலரும் வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். இக்கட்டுரை பெரிதும் அந்த மூன்றாம் வினாவைப் பற்றியது.

துணைச்சொற்கள் சிலவற்றையும் இங்கேயே வரையறுத்துக்கொள்வோம். ஓரிடத்தை நோக்கித் தன் நீரை வடிக்கும் நிலம் முழுவதும் அவ்விடத்தின் வடிநிலம். இரு வடிநிலங்களைப் பிரிக்கும் உயர்கோடு நீர்பிரிமேடு. காலத்துக்கு எதிராக ஓட்டத்தின் அளவைக் குறித்த கோடு நீரோட்ட வரைவு. வடிநிலத்தின் மிகத் தொலைவான மூலையில் விழுந்த நீர் கணக்கிடும் இடத்துக்கு வந்துசேர எடுக்கும் பொழுது திரள்காலம். இவ்வாண்டின் தேவைக்காக அடுத்த ஆண்டின் நீர்கொள்ளும் திறனைக் குறைத்துவிடாத நடைமுறையே நிலைத்த வடிநில மேலாண்மை. கடைசி வரையறையில் உள்ள ‘திறன்’ என்ற சொல் அணைக்கும் குளத்துக்கும் ஆற்று மணலுக்கும் காட்டு மண்ணுக்கும் ஒருசேரப் பொருந்தும் என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

2. எடுத்துக்கொண்ட ஆறு

பொதுவான ஆறு என ஒன்று இல்லாமையால், நாம் தாமிரபரணியை எடுத்துக்கொள்கிறோம். பொதிகை மலையில் தோன்றி, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேரும் ஆறு இது. தோற்றமும் முடிவும் ஒரே மாநிலத்துக்குள் அமைந்திருப்பதால் இதன் நீர்க்கணக்கில் மாநிலத் தாவா குறுக்கிடுவதில்லை. ஆய்வாளருக்கு இது பெரிய வசதி.

இரு பருவமழைகளும் இந்த ஆற்றுக்கு நீர் தருகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையை நம்பிக் கார் சாகுபடி. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானம். மலையில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள். பாபநாசத்தின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாற்றினது 118 அடி; கொள்ளளவு இரண்டுக்கும் தலா ஏறத்தாழ 5.5 டிஎம்சி. மலையைவிட்டு இறங்கிய ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை. இவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிகின்றன. அவை நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட குளங்களை நிரப்பி, 86 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுக்கு நீர் தருகின்றன.

இந்தக் குளங்களே நம் வாதத்தின் மையம். வெளிநாட்டுப் பாடநூல் மாதிரிகள் இவற்றைக் காண்பதில்லை.

3. நீர்க்கணக்கின் உறுப்புகள்

எந்த மாதிரிக்கும் அடித்தளம் ஒரு வரவுசெலவுக் கணக்கு. விழுந்த மழை, ஆற்றில் ஓடியது, ஆவியாகவும் பயிர்மூச்சாகவும் மேலே போனது, மண்ணிலும் நீர்நிலையிலும் தங்கியது என அதில் உறுப்புகள் நான்கே. முதலாவது மற்ற மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமம். இதை ஆண்டுக் கணக்காக எழுதினால் தங்கியது ஏறத்தாழ நீங்கிவிடும். நாள் கணக்காக எழுதினால் அதுவே எல்லாவற்றையும் ஆளும். இந்த வேறுபாட்டைக் கருதாமல் ஆண்டுச் சராசரியைக் கொண்டு வெள்ளத்தைப் பற்றிப் பேசும் அறிக்கைகள் நம்மிடம் ஏராளம்.

ஆற்றில் ஓடுவதையும் மூன்றாகப் பிரிப்பது மரபு. மண்ணுக்குள் இறங்காமல் தரைமேல் வழிந்து வருவது மேலோட்டம். மேல்மண்ணுக்குள் பக்கவாட்டில் நகர்ந்து சில மணி அல்லது சில நாள் கழித்து வருவது இடையோட்டம். ஆழத்தில் இறங்கி மாதக்கணக்கில் மெல்லக் கசிவது அடியோட்டம். தாமிரபரணி வற்றாத ஆறு எனப் பெயர் பெற்றது அடியோட்டத்தால். 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் சோலைக்காடுகளும் மலைப் புல்வெளிகளும் மழையைப் பிடித்துவைத்து விடுவிக்கும் வேகமே கோடையில் பாபநாசத்துக்கு வரும் நீர்வரத்தைத் தீர்மானிக்கிறது. புலிக்கென்று காத்த காடு நெல்லுக்கும் பயன்படுகிறது.

4. மாதிரிகளின் வகைகள்

அமைப்பை நோக்கி மாதிரிகளை மூன்றாக வகுக்கலாம். காரணத்தைக் கேளாமல் அளந்த மழைக்கும் அளந்த ஓட்டத்துக்கும் இடையே உறவு காண்பது பட்டறிவு மாதிரி. வடிநிலத்தைச் சில தொட்டிகளின் தொகுதியாகக் கற்பித்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீரை நகர்த்துவது கருத்துரு மாதிரி. நிறை, உந்தம் ஆகியவற்றின் காப்பு விதிகளிலிருந்து தொடங்குவது இயற்பு மாதிரி.

வரலாற்று வரிசையும் நமக்கு உதவும். மழைச்செறிவையும் பரப்பையும் ஒரு குணகத்தால் பெருக்கி உச்ச ஓட்டத்தைப் பெறும் முறையை அயர்லாந்துப் பொறியாளர் முல்வேனி 1851இல் முன்வைத்தார். நம் நகராட்சி வடிகால்கள் இன்றும் பெரும்பாலும் அதைக்கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. திறந்த வாய்க்காலில் ஓடும் நீரின் இயக்கச் சமன்பாடுகளைப் பிரான்சின் செயின்ட் வெனான் 1871இல் எழுதினார். ஓர் அலகு மழை தரும் நீரோட்ட வரைவை அலகாகக் கொள்ளும் எண்ணம் 1932இல் ஷெர்மனுடையது. வெள்ள அலை ஆற்றின் ஒரு துண்டைக் கடக்கையில் எவ்வாறு தாழ்ந்து நீள்கிறது என்பதை இரண்டே மாறிலிகளால் சொல்லும் மஸ்கிங்கம் முறை, ஒஹையோ மாநிலத்து ஆறொன்றின் பெயரால் 1938இல் மெக்கார்த்தி தந்தது.

சிக்கல் மிகுந்த மாதிரியே சிறந்தது என்ற எண்ணம் நம் ஆய்வகங்களில் பரவியிருக்கிறது. நாம் அதை ஏற்கவில்லை. மாறிலி ஒவ்வொன்றுக்கும் தரவு வேண்டும். தரவு இல்லாத மாறிலி ஊகமாகவே நிற்கும். தாமிரபரணிக்கு நாம் பரிந்துரைப்பது கலப்பு மாதிரி: மலையில் பரப்பைக் கட்டங்களாகப் பிரிக்கும் பரவல் மாதிரி, ஆற்றின் நெடுக மஸ்கிங்கம், சமவெளியில் குளங்களைக் கணுக்களாகக் கொண்ட வலை. முதலிரண்டும் வழக்கமானவை என்பதால் மேலும் விரிக்கவில்லை. மூன்றாவதற்கு வருமுன், வளைவெண்ணைக் கடந்தாக வேண்டும்.

5. வளைவெண் சொல்வதும் சொல்லாததும்

நில மேலாண்மைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணால் சொல்ல மிகுதியும் கையாளப்படுவது அமெரிக்க மண்பாதுகாப்புத் துறை 1950களில் வகுத்த வளைவெண் முறை. மண்ணின் தன்மை, நிலப்பயன், முன்னீரம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நிலத்துக்கு நூறுக்கு உட்பட்ட எண் தரப்படும். எண் கூடினால் நிலம் குறைவாகக் குடிக்கிறது என்று பொருள். 25400ஐ வளைவெண்ணால் வகுத்து 254ஐக் கழித்தால் நிலத்தின் தேக்கத் திறன் மில்லிமீட்டரில் கிடைக்கும். மழையை ‘ம’ என்றும் தேக்கத் திறனை ‘த’ என்றும் குறித்தால்,

வழிந்தோட்டம் = (ம − 0.2த)² ÷ (ம + 0.8த)

இதிலுள்ள 0.2 இயற்கை விதி அன்று. அமெரிக்கப் பண்ணை நிலங்களில் கண்ட சராசரி. இந்திய நிலத்துக்குக் கரிசலில் 0.1, பிற மண்ணில் 0.3 எனக் கொள்ளும் வழக்கமும் உண்டு. எளிமைக்காக இங்கே 0.2ஐயே வைத்துக்கொள்வோம்.

இரண்டு நிலங்களை ஒப்பிடுவோம். ஒன்று வரப்பும் மரமும் உள்ள நன்னிலம், வளைவெண் 70. மற்றொன்று மேல்மண் இறுகி, மனைப்பிரிவாகக் காத்திருக்கும் பொட்டல், வளைவெண் 85. 100 மில்லிமீட்டர் மழையில் முதல் நிலம் சுமார் 33 மில்லிமீட்டரையும் இரண்டாவது 61 மில்லிமீட்டரையும் ஓடவிடுகின்றன. கெட்ட நிலத்திலிருந்து ஏறத்தாழ இருமடங்கு நீர் வருகிறது. வடிநில மேம்பாட்டுத் திட்டங்கள் காட்டும் பெருமித எண்கள் இவ்வகையானவை, அவை பொய்யல்ல.

இப்போது மழையை 500 மில்லிமீட்டராக உயர்த்துவோம். நன்னிலம் 390, பொட்டல் 450. வேறுபாடு 15 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான 946 மில்லிமீட்டரை இட்டுப் பார்த்தால் 827, 894. வேறுபாடு 8 விழுக்காடு.

இதன் பொருளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிலத்தைச் சீர்செய்வது நடுத்தர மழைக்கு மருந்து. பெருமழைக்கு அது மருந்தாகாது. அங்கே நிலம் குடித்து முடித்துவிட்டது, மிச்சம் போவதற்கு வழி வேண்டும். ‘எவ்வளவு’ என்ற வினா தளர்ந்து ‘எந்த வழியாக’ என்ற வினா மேலெழும் இடம் இதுவே. ஒரே திட்ட அறிக்கையில் தடுப்பணையையும் மரநடவையும் வெள்ளத் தடுப்பு என்ற தலைப்பின்கீழ் எழுதுவோர் இவ்விரு வினாக்களையும் குழப்புகிறார்கள்.

காயல்பட்டினத்து மழையை வேறொரு வகையிலும் உணரலாம். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஆயிரம் கனமீட்டர் நீர். 946 மில்லிமீட்டர் மழை 30 சதுர கிலோமீட்டரில் பெய்தால் 1 டிஎம்சி. ஐந்து கிலோமீட்டருக்கு ஆறு கிலோமீட்டர் அளவுள்ள ஒரு நிலத்துண்டு, ஒரே நாளில், பாபநாசம் அணையின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த நீரைப் பெற்றிருக்கும்.

6. குளம் எனும் உறுப்பு

6.1 அழிக்கப்படும் பள்ளம்

மாதிரி கட்டுவோரின் முதல் வேலை நிலவுயரத் தரவைப் பெறுவது. 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் கொண்டு எடுத்த உயரத் தரவு இலவசமாகக் கிடைப்பதால் பலரும் அதையே எடுக்கிறார்கள். அதன் கட்டம் 30 மீட்டர் அகலம். உயரத்தில் சில மீட்டர் பிழை இயல்பு. மலைக்கு இது போதும். தாமிரபரணிச் சமவெளியில் குளக்கரையின் உயரமே சில மீட்டர்தான். கரையின் மேலகலமோ ஒரு மாட்டுவண்டி போகும் அளவு. ஆகவே கரை தரவில் கரைந்துபோகிறது. பிப்ரவரி பிசானக் காலம் என்பதால் நீர் இருந்த குளங்களில் ரேடார் கண்டது நீர்ப்பரப்பை. குளத்தின் ஆழம் அதற்குத் தெரியாது.

இதற்கு அடுத்த படிதான் கேடு. நீர் எங்கும் தேங்காமல் கடல்வரை ஓடினால்தான் மென்பொருளால் ஆற்றுப் பாதையை வரைய முடியும். ஆகவே சுற்றிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த இடங்கள் அனைத்தையும் தரவுப் பிழை எனக் கருதி, விளிம்புவரை மேடாக்கிவிடுகிறது. இதைப் பள்ளம் நிரப்பல் என்கிறோம். ஒரு பொத்தானை அழுத்தினால் முடியும் வேலை. யாரும் நின்று யோசிப்பதில்லை. குளம் என்பது சுற்றிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த இடம் அல்லாமல் வேறென்ன? தலைமுறைகள் வெட்டிக் கரை கட்டிய நூற்றெண்பது பள்ளங்களையும் நாம் கணக்குத் தொடங்குமுன்னரே தூர்த்துவிட்டு, பிறகு வெள்ளம் எங்கே போகும் என்று கணினியைக் கேட்கிறோம்.

6.2 மறுகால் கணக்கு

குளத்தைக் கணுவாக எழுதுவது கடினமன்று. வரவு: கால்வாய் நீர், மேல்குளத்து மறுகால் நீர், குளத்தின் சொந்த வடிநில மழை. செலவு: மடை வழியே வயலுக்கு, ஆவியாக, கசிவாக, நிறைந்தபின் மறுகால் வழியே. வெள்ளத்தில் ஆள்வது இறுதிச் செலவு. மறுகால் மேல் வழியும் நீரின் உயரத்தை ஒன்றரைப் படிக்கு உயர்த்தி, மறுகாலின் நீளத்தாலும் ஏறத்தாழ 1.7 என்ற குணகத்தாலும் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கனமீட்டர் என்பது கிடைக்கும்.

30 மீட்டர் நீள மறுகாலை எடுத்துக்கொள்வோம். நீர் 0.3 மீட்டர் உயரம் வழிந்தால் ஏறத்தாழ 300 கனஅடி போகும். 0.6 மீட்டர் வழிந்தால் 840 கனஅடி. உயரம் இரட்டித்தால் ஓட்டம் மும்மடங்கை நெருங்குகிறது. இனி, கடைமடைக்கு இன்னும் பத்து நாள் நீர் வேண்டுமென்று மறுகால் மேல் ஒரு முழம் மணல்மூட்டை அடுக்கியிருக்கிறார்கள் எனக் கொள்வோம். பயிரைக் காக்கும் நோக்கில் அது நியாயம். ஆனால் அதே 840 கனஅடியை வெளியேற்ற நீர்மட்டம் இப்போது ஒரு முழம் கூடுதலாக ஏற வேண்டும், அந்த ஒரு முழம் கரையின் தலைப்பில் மிச்சமில்லை. மறுகால் ஓடையில் அமலைச்செடி மண்டியிருந்தாலும் விளைவு இதுவே. எந்தச் செயற்கைக்கோளும் அந்த மணல்மூட்டையைக் காட்டாது. மாதிரியில் அது ஓர் எண்ணாக நுழைய வேண்டுமானால், மறுகாலைக் கண்ணால் பார்த்தவர் சொல்ல வேண்டும்.

6.3 குளத்தொடர்

ஒரு குளத்து மறுகால் நீர் அடுத்த குளத்துக்கு வரவாகும் வரிசையைக் குளத்தொடர் என்போம். அதன் நடத்தையில் மூன்று நிலைகளைப் பிரித்தறியலாம். முதல் நிலையில் குளங்கள் பாதி வெறுமையாக இருக்கும். வரும் நீரை விழுங்கிக்கொள்ளும். நீரோட்ட வரைவின் உச்சம் தாழும். இரண்டாம் நிலையில் குளங்கள் நிறைந்திருக்கும். உச்சம் சற்றுத் தாழ்ந்து தாமதமாகும், மொத்த நீர் குறையாது. மூன்றாம் நிலையில் ஒரு கரை உடையும். தேங்கியிருந்ததும் ஓடிவந்ததும் சேர்ந்து அடுத்த குளத்தின் மேல் ஓர் அலையாக இறங்கும். அப்போது குளத்தொடர் வெள்ளத்தைப் பெருக்கும் கருவியாகிவிடும்.

ஆகவே ஒரே மழை அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு விளைவையும் டிசம்பர் நடுவில் வேறொரு விளைவையும் தரும். தொடக்கத்தில் குளம் எவ்வளவு நிறைந்திருந்தது என்பதை உள்ளீடாகக் கேளாத மாதிரி இவ்விரண்டையும் வேறுபடுத்தாது.

2023 டிசம்பர் இதை நம் முன் வைத்தது. மலையில் மாஞ்சோலையிலும் பெருமழைதான்; ஆனால் மிகப் பெரிய எண்கள் அணைகளுக்குக் கீழே, கடற்கரையை ஒட்டிய சமவெளியில் பதிவாயின. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் மதகை எவ்வளவு திறமையாக இயக்கினாலும் இந்தச் சமவெளி மழையில் ஒரு துளியையும் பிடித்திருக்க முடியாது, ஏனெனில் அது அணைக்கு மேலே விழவேயில்லை. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட சென்னை ரயில், தண்டவாளத்தின் கீழிருந்த சரளை அரித்துப்போனதால் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. ஆற்றையும் அணையையும் மட்டும் கொண்ட மாதிரியில் அந்த இருப்புப்பாதையைத் தொட்ட நீருக்கு இடமே இல்லை.

6.4 நீர்பிரிமேட்டின் ஐயம்

நாம் முதற்பிரிவில் தந்த வடிநில வரையறையும் இங்கே ஆட்டம் காண்கிறது. ஸ்ரீவைகுண்டம் தென்காலும் வடகாலும் ஆற்று நீரை ஆற்றைவிட்டு வெகுதூரம் கொண்டுபோகின்றன. சமவெளியில் நீர்பிரிமேடு கண்ணுக்குத் தெரியாத மேடு. கால்வாய் அதைத் தாண்டிச் செல்வதை யாரும் கவனிப்பதுமில்லை. ஆகவே இச்சமவெளியில் வடிநிலத்தின் எல்லையை மேட்டை வைத்து வரையக் கூடாது, கால்வாய் எட்டும் தொலைவை வைத்து வரைய வேண்டும் என்பது நம் துணிபு. இதற்கு ஆயக்கட்டு வடிநிலம் என்று பெயரிடுகிறோம்.

7. அளவுதிருத்தம்

மாதிரியின் மாறிலிகளை, கணித்த ஓட்டம் அளந்த ஓட்டத்தை ஒத்துவரும்வரை மாற்றிச் செல்வது அளவுதிருத்தம். திருத்தத்தில் கையாளாத ஆண்டுகளைக்கொண்டு சோதிப்பது சரிபார்ப்பு. ஒப்புமையை அளக்க 1970இல் நாஷும் சட்கிளிஃபும் தந்த குறியீடு உலகெங்கும் வழக்கில் உள்ளது. முழு ஒப்புமைக்கு 1. சராசரியைச் சொல்வதற்கு மேல் மாதிரி எதுவும் சொல்லவில்லை என்றால் 0.

இக்குறியீட்டில் வேறுபாடுகள் இருமடிப்பெருக்கமாகக் கூட்டப்படுவதால், உச்ச ஓட்டங்களே மதிப்பெண்ணை முடிவு செய்கின்றன. ஏப்ரல் மாத ஓட்டத்தைப் பாதியளவு தவறாகச் சொன்ன மாதிரியும் 0.8 பெற்றுவிடலாம். கார் சாகுபடிக்குத் திட்டமிடும் விவசாயிக்கு அந்த 0.8 எதற்கு? மடக்கை எடுத்த ஓட்டங்களின்மேலும் குறியீட்டைத் தனியே கணக்கிட்டு, இரண்டையும் வெளியிட வேண்டும் என்கிறோம்.

மற்றொரு கண்ணி, அளந்த ஓட்டம் இயற்கை ஓட்டமன்று என்பது. அணைக்கும் அணைக்கட்டுகளுக்கும் கீழே அளந்தது மதகு திறந்தவரின் முடிவுகளையும் சேர்த்தே அளந்தது. கால்வாய்களில் திறந்த அளவைத் திரும்பக் கூட்டாமல் மாறிலிகளைத் திருத்தினால், ஷட்டரின் செயலை மண்ணின் குணமாகப் பதிவு செய்தவர்களாவோம்.

8. கோடை ஓட்டமும் மணலும்

வறண்ட மாதங்களைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். ஆற்றுப் படுகை மணல் ஒரு தேக்கம். 200 மீட்டர் அகலம், 2 மீட்டர் தடிமன், 1 கிலோமீட்டர் நீளமுள்ள மணலில் ஐந்தில் ஒரு பங்கு விடுவிக்கத்தக்க நீர் என்று கொண்டாலும் 80 ஆயிரம் கனமீட்டர் ஆகிறது. மணல் போனால் இத்தேக்கம் போகிறது, படுகை தாழ்கிறது, தலைமதகில் நீர் ஏறுவதும் குறைகிறது. 2010இல் மூத்த பொதுவுடைமைத் தலைவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதித்தது. நீரியல் நோக்கில் அது ஒரு தேக்கத்தைக் காத்த தீர்ப்பு. மணலின் தடிமனைக் காலத்தோடு மாறும் மாறிலியாக வைத்துக்கொள்ளாத மாதிரி, பழைய ஆற்றின் கோடை ஓட்டத்தை இன்றைய ஆற்றுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கடல்வரை செல்ல வேண்டிய ஓட்டத்தை மிச்சமாகக் கருதாமல் முன்னுரிமைச் செலவாகக் கணக்கில் எழுத வேண்டும். உப்பு நீர் மேலேறுவதைத் தடுப்பது அந்த ஓட்டமே.

9. தரவு

மேற்சொன்ன மாதிரிக்குக் கணினித் திறன் குறைவில்லை, மென்பொருள்களும் இலவசம். குறைவு குளத்துத் தரவில் உள்ளது. குளம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து எண்கள் போதும்: கரையின் மேல்மட்டம், மறுகாலின் மட்டம், மறுகாலின் நீளம், இன்றைய கொள்ளளவு, அன்றன்றைய நீர்மட்டம். முதல் மூன்றையும் ஒரு மட்டமானியோடு போனால் ஒரே நாளில் எடுத்துவிடலாம். நான்காவதற்குக் கோடையில் குளம் வற்றியிருக்கும்போது ஓர் அளவாய்வு. ஐந்தாவதற்கு மடையருகே நட்ட ஓர் அளவுகல், அதைத் தினமும் பார்த்து எழுத ஓர் ஆள்.

மடைகளைத் திறந்து மூடும் லஸ்கர்களும் ஊர்களின் நீர்பாய்ச்சிகளும் இந்த ஐந்தாவது எண்ணை நாள்தோறும் அறிந்தே இருக்கிறார்கள், இல்லையேல் அவர்களால் முறைத்தண்ணீர் விட முடியாது. அது அவர்கள் நினைவில் இருக்கிறது, ஏட்டில் இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் மாணவர்களும் ஆசிரியர்களும் நூற்றெண்பது குளங்களுக்கும் காத்திருக்க வேண்டாம். வரும் பிசானத்தில் ஒரு கால்வாயை, மருதூர் மேலக்காலையோ ஸ்ரீவைகுண்டம் தென்காலையோ, எடுத்துக்கொண்டு, தலைமதகிலிருந்து கடைக்குளம்வரை நடந்து இந்த எண்களை எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.